கப்பலில் வந்த கல்

இல்ல தங்கச்சி, மேல வைக்க மாட்டேன். மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் சொல்லிப் பாத்துட்டுப் போயிட்டாரு. உங்களுக்கு இடிக்குதுன்னா சொல்லுங்க, இந்தப் பக்கமா திருப்பி வச்சுக்கறேன். உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் பிஸ்கட் டின்னு. துருப்பிடிச்சுப் போச்சு, பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான். ஆனாலும் மேல போடவும் மனசு வரல, காலடியில வைக்கவும் மனசு வரல. இந்த டின்னுலதான் எங்க சாமி கப்பல்ல வந்துச்சு.

சிரிச்சா சிரிங்க. எங்க நிரோஷாவும் இப்படித்தான் சிரிப்பா. என் மக. அவளாலதான் இந்த அலைச்சலே.

நீங்க நாமக்கல்லா? அக்கா பிள்ளைக்குக் காது குத்தா? குலசாமி கோயில்லயா? பாத்தீங்களா, உங்களுக்கெல்லாம் எவ்வளவு லேசா இருக்கு. பூ, பழம், தேங்கா வாங்கிக் கூடையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டீங்க. சாமி அங்கேயே இருக்கும், பூசாரி இருப்பாரு, மாமன் மடி இருக்கும். எங்களுக்கு அப்படியா. எங்க சாமிக்கு விலாசமே இல்லன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. அவங்க அப்படிச் சொல்லப்போய்த்தான் நான் இப்படி ஊர் ஊரா டின்னைத் தூக்கிட்டுத் திரியறேன்.

எனக்குக் கோத்தகிரிப் பக்கம், அரசாங்கத் தேயிலைத் தோட்டம். சிலோன்லேருந்து வந்தவங்களுக்குன்னு போட்ட தோட்டம். கப்பல்ல வரும்போது நான் கைக்குழந்தை. எங்கம்மா சொல்லும், தலைமன்னார்ல ஏறினதுலேருந்து ராமேஸ்வரத்துல இறங்குற வரைக்கும் நான் வாயை மூடவே இல்லையாம். இப்பவும் மூடலன்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. அவரு பேரு மருதை. நல்ல மனுசன், ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேச வேண்டியதெல்லாம் என் தலையில. பாருங்க, இது அவங்க வீட்டு சாமி, அவரோட பங்காளிங்க. அலையறது யாரு? நான். கேட்டா, முட்டி வலிக்குது, நீ போயிட்டு வாங்கறாரு. எனக்கு முட்டி இல்லையா? அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு முதுகுல கூடை கட்டினவ நான். மலையில ஏறி இறங்கின முட்டி என்னோடது.

சரி, விஷயத்துக்கு வரேன்.

எங்க வீட்டுக்காரரோட தாத்தா பேரு சடையன். துறையூர்ப் பக்கம் எருமைக்கல்பட்டின்னு ஒரு கிராமம். அங்க பஞ்சம் வந்தப்போ தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி வந்து, சிலோன்ல தேங்காய்க்கும் மாசிக் கருவாட்டுக்கும் பஞ்சமே இல்ல, வாங்கன்னு கூட்டிட்டுப் போயிருக்கான். போனவங்க கடல் வரைக்கும் நடந்தே போய்த் தோணி ஏறியிருக்காங்க. அந்தக் கரையில இறங்கி, அங்கேருந்தும் நடந்து, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். போகும்போது சாமி காலடியிலேருந்து பிடிமண் எடுத்துட்டுப் போனாராம். உங்களுக்குத் தெரியாததா, ஊரை விட்டுப் போறவங்க ஒரு பிடி மண் எடுத்துட்டுப் போய், போற இடத்துல போட்டு சாமி கும்பிடறது வழக்கம்தானே. சிலோன்ல ஒரு மரத்தடியில போட்டுக் கும்பிட்டிருக்காங்க. அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறிச்சு, அங்கேயே செத்து. அப்புறம் ஒரு நாள், நீங்க இந்த நாட்டு ஆளுங்க இல்ல, கிளம்புங்கன்னு அனுப்பிட்டாங்க. அப்ப எங்க மாமனார் வீரமலை, அந்த மரத்தடியில இருந்த கல்லையும் மண்ணையும் சேத்து எடுத்து இந்த டின்னுல போட்டு, மூடி மேல துணி கட்டி, மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாரு. இதோ நான் இப்ப வச்சிருக்கேனே, இதே மாதிரி.

இங்க வந்து இறங்கினதும், மண்டபம் கேம்ப்ல ஒரு அதிகாரி திறந்து பாத்துட்டு, என்னய்யா கல்லையும் மண்ணையும் கட்டிட்டு வந்திருக்க, இந்தியாவுல கல்லுக்குப் பஞ்சமான்னு கேட்டாராம். எங்க மாமனார் எத்தனை தடவை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்காரு. எனக்கு அப்பல்லாம் சிரிப்பே வராது. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு இருக்கும்.

தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின லைன் வீடு கொடுத்தாங்க. லைனுக்குப் பின்னாடி ஒரு சில்வர் ஓக் மரம். அதுக்கடியில அந்தக் கல்லை வச்சு, மண்ணைக் கொட்டி, மேல தகரம் போட்டாரு மாமனாரு. சாமி பேரு பெரியண்ணசாமி. மாமனாரு செத்த பிறகு நான்தான் பாக்கறேன். வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சு, தண்ணி ஊத்துவேன், தினமும் விளக்கு வைப்பேன். மழையாகட்டும், பனியாகட்டும். அவங்க வீட்டு ஆளுங்க யாராவது ஒரு நாள் பாத்தாங்களான்னு கேளுங்க.

இப்ப நிரோஷாவுக்கு ஒரு வரன் வந்துச்சு. பையன் கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறையில இருக்கான், தினகரன்னு பேரு. ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசிக்கிட்டிருந்திருக்காங்க, அது எனக்குப் பின்னாடிதான் தெரியும். நம்ம ஆளுங்கதான். ஆனா அவங்க இங்கேயே இருந்தவங்க, அன்னூர்ப் பக்கம். கடலைத் தாண்டினவங்க இல்ல. பையனுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அவங்கம்மா இருக்காங்களே, ருக்குமணியம்மா, அவங்க வீடு பாக்க வந்தாங்க. டீ குடிச்சாங்க, நல்லாருக்குன்னாங்க. பொண்ணுக்கு என்ன இப்படி ஒரு பேருன்னாங்க. சிலோன்ல எங்க ஆளுங்க வைக்கற பேருன்னு சொன்னேன். ஓ சிலோன்காரங்களா, அதான் பேச்சு ஒரு மாதிரி இருக்குன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இந்த மண்ணுல கிட்டத்தட்ட ஐம்பது வருசம் இருந்தாச்சு தங்கச்சி. ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டு இருக்கு. இன்னும் சிலோன்காரங்க.

பின்னாடி போய் சாமி கும்பிடறேன்னாங்க. கூட்டிட்டுப் போனேன். போய்ப் பாத்தா, மரத்து மேல செந்தூரம் அப்பியிருக்கு. ஆரஞ்சுக் கலர்ல, மரம் பூரா.

அது யாரு வேலைங்கறீங்க? புத்னி. பக்கத்து லைன் வீட்டுல இருக்கா. ஜார்க்கண்டுக்காரி. எங்க பிள்ளைங்க எல்லாம் திருப்பூரு கோயமுத்தூருன்னு இறங்கிட்டாங்க, கொழுந்து பறிக்க ஆள் இல்ல. அதனால எங்கேருந்தோ ரயிலேத்தி இவங்களைக் கொண்டாந்து விட்டிருக்காங்க. என்ன பாஷை, என்ன சோறு, ஒண்ணும் புரியாது. எங்கேருந்தோ வந்தவங்க, வந்த இடத்துல அடங்கி இருக்கணுமா இல்லையா? நம்ம சாமிக்கு நாம செய்யறோம், இவ எதுக்குக் குறுக்க வரா? அவங்க ஊருல காட்டு மரத்தைக் கும்பிடுவாங்களாம். இங்க மரத்தைப் பாத்ததும் கை சும்மா இருக்கல.

செந்தூரம்கூடப் பரவால்ல, தண்ணி ஊத்தினா போயிரும். போன தை மாசம் அவ அப்பன் ஊருல செத்துப்போயிட்டான். போக முடியல. அவ அண்ணன் திரும்பி வரும்போது ஊர்லேருந்து ஒரு துணியில மண்ணு முடிஞ்சு கொண்டாந்திருக்கான். அதைக் கொண்டுபோய் எங்க சாமி காலடியில கொட்டிட்டா. நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கறேன், சிவப்பா மண்ணு, கல்லைச் சுத்தி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. என்னடி பண்ணி வச்சிருக்கன்னு கத்தறேன். அவ அழுதுகிட்டே, இங்க வந்து கத்துக்கிட்ட அரைகுறைத் தமிழ்ல, அக்கா, அங்கயும் மண்ணு, இங்கயும் மண்ணுங்கறா. நல்ல நியாயம். கூட்டிப் பாத்தேன், வாரிப் பாத்தேன், வரல. அதுக்குள்ள மழை பேஞ்சு எல்லாம் கலந்துபோச்சு. அதோட அவகூடப் பேச்சை நிறுத்திட்டேன். அவசரத்துக்கு மட்டும்தான் பேசறது.

ருக்குமணியம்மா அந்தச் செந்தூரத்தைப் பாத்தாங்க, தகரத்தைப் பாத்தாங்க. இது யாரு சாமின்னாங்க. எங்க குலசாமின்னேன். பங்காளிங்க எத்தனை வீடுன்னாங்க. நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன், அவரு தேயிலைச் செடியைப் பாக்கறாரு. பங்காளி யாரும் இல்லீங்க, நாங்க மட்டும்தான்னு சொன்னேன். அவங்க முகம் மாறிப்போச்சு. கோவமா ஒண்ணும் பேசல, மெதுவாத்தான் சொன்னாங்க. "தப்பா நினைக்காதீங்க. வேரு எதுன்னே தெரியாத வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கறது? உங்க மூலக் கோயில்ல மொதப் பத்திரிகை வைக்கணும், பங்காளிங்க நாலு பேரு வந்து சபையில நிக்கணும். அதுக்கு வழி இருந்தா சொல்லி விடுங்க, நிச்சயத்தை வச்சுக்கலாம்."

இல்லாட்டி இல்லன்னு அர்த்தம்.

பையன் அவங்கம்மா பேச்சைத் தாண்ட மாட்டான். நிரோஷாவா? சாப்பிடல, அவ்வளவுதான். மறுநாள் என்கிட்ட, அம்மா, நம்ம சாமியே நாலு ஊரு சுத்தினது, நம்மளை ஒரு ஊர்ல நில்லுன்னா எப்படி நிக்கறதுன்னு கேட்டுச் சிரிக்கறா. சிரிக்கறப்போ கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. அதைப் பாத்த பிறகு நான் எப்படி வீட்டுல உக்காந்திருக்கறது?

மாமனாரு விளக்கு வைக்கும்போதெல்லாம் எருமைக்கல்பட்டி, எருமைக்கல்பட்டின்னு சொல்லிக்கிட்டே வைப்பாரு. அந்தப் பேரு ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு. லீவு போட்டேன், டின்னை எடுத்தேன். மூலக் கோயில்லேருந்து புதுசா ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வந்துட்டா, அந்தச் சிவப்பு மண்ணையெல்லாம் தோண்டிக் கடாசிட்டு, சுத்தமா மறுபடி சாமியை வைக்கலாம். பங்காளிங்க கையைக் காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வந்துரலாம். அதான் நினைப்பு. விளக்கு வைக்க ஆள் வேணுமே, எங்க வீட்டுக்காரரை நம்ப முடியாது, மறந்துருவாரு. வேற வழியில்லாம அந்தப் புத்னிகிட்டயே எண்ணெய் பாட்டிலைக் கொடுத்துட்டு வந்தேன். செந்தூரம் பூசினேன்னா பாருன்னு சொல்லித்தான் கொடுத்தேன்.

நேத்து மத்தியானம் போய்ச் சேந்தேன். துறையூர்ல இறங்கி, மினி பஸ் பிடிச்சு, அங்கேருந்து வெயில்ல நடை. மலையில இருந்த உடம்புக்கு அந்த வெயில் தாங்குமா? டீக்கடையில கேட்டேன், பெரியண்ணசாமி கோயில் வச்சிருக்கவங்க யாருன்னு. ராசகண்ணு வீட்டுக்குப் போங்கன்னாங்க. டிராக்டர் வச்சிருக்காரு, அவருதான் கோயிலுக்குப் பெரியதனக்காரரு. அவரு கழுத்து அப்படியே எங்க மாமனாரு கழுத்து தங்கச்சி. நீளமா, ஒரு பக்கமா சாஞ்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவரு சம்சாரம் பவளாயி, என் வயசுதான் இருக்கும். மோர் கொடுத்து உக்காரச் சொன்னாங்க.

நான் எல்லாத்தையும் சொன்னேன். சடையன் பேரன் பொண்டாட்டி நான்னு. கப்பலு, டின்னு, மரம், சம்பந்தியம்மா, எல்லாம். அவரு மோவாயைத் தடவிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாரு. மண்ணுதானே கேக்கறேன், இவ்வளவு யோசனையான்னு எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல். அப்புறம் அவரு கேட்டாரு.

"அந்தக் கல்லுக்கு இடுப்புல வெள்ளை வரி ஓடுதா?"

ஓடுதுன்னேன். எண்ணெய் தேய்ச்சாத்தான் தெரியும், காஞ்சிருந்தா தெரியாது. வருசக் கணக்காத் தேய்க்கறவளுக்குத் தெரியாதா? பூணூல் மாதிரி இல்ல, அரைஞாண் கயிறு மாதிரி சுத்தி வரும்னேன்.

அந்த மனுசன் எழுந்திரிச்சுட்டாரு. பவளாயி வாயைப் பொத்திக்கிச்சு.

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கோயில்னா ஒரு மேடை, சுண்ணாம்பு அடிச்சு, ரெண்டு வேல் நட்டு. நடுவுல ஒண்ணுமே இல்ல. வெறும் குழி. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குழி, அதுக்குள்ள விளக்கு. சாமி எங்கன்னு கேட்டேன். அவரு சொல்றாரு, உங்க தாத்தன் பிடிமண் எடுத்துட்டுப் போகல, சாமியையே பேத்து எடுத்துட்டுப் போயிட்டாரு. பஞ்சத்துல ஒரு பிடி கம்புக்கு வழியில்ல, சாமி இங்க இருந்து என்ன பண்ணப்போகுது, எங்க கூட வரட்டும்னு கடப்பாரை போட்டாராம். இவங்க தாத்தா அவருக்கு அண்ணன். தடுக்கலையாம். போனது திரும்பி வரும்னு குழியை அப்படியே விட்டு, அதுக்குள்ள விளக்கு வச்சு, அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் குழியைக் கும்பிட்டுட்டு இருக்காங்க. வேற கல்லு வைக்கக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. வருசா வருசம் கெடா வெட்டிப் படையல் போடும்போது கடைசியில ஒரு இலை கூடப் போடுவாங்களாம். தாண்டிப் போனவங்களுக்கு. பரிமாறிட்டு, கொஞ்ச நேரம் பாத்துட்டு, மாட்டுக்குப் போட்டுருவாங்களாம்.

பவளாயி அதைச் சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் துடைக்குது. எனக்கு அழுகை வரல. இலை போடறதுக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாமேன்னுதான் தோணுச்சு. தோட்டத்துப் பேரு தெரியாதாம். சரி, அவங்களும் என்ன பண்ணுவாங்க.

நான் டின்னைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன். மண்ணு எடுக்க வந்த இடத்துல குழி. சம்பந்தியம்மா கேட்ட மூலக் கோயில் எங்கன்னு பாத்தா, அது என் லைன் வீட்டுக்குப் பின்னாடி தகரத்துக்கு அடியில இருக்கு. எனக்கு அடுத்த பயம் வந்துருச்சு. கல்லைக் குடுன்னு கேட்டுட்டா? அதையும் கொடுத்துட்டா என் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிருமே. அவங்க பங்காளிங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கூடிப் பேசினாங்க. சிலரு கல்லைக் கொண்டாந்துரணும்னாங்க. பவளாயிதான் சொல்லுச்சு, அத்தனை கடல் தாண்டினது இனிமே எங்கயும் போக வேண்டாம், களைச்சிருக்கும், இருக்கற இடத்துல இருக்கட்டும்னு. நல்ல பொம்பளை. கடைசியில ராசகண்ணு என்னைப் பாத்துக் கும்பிட்டுட்டாரு தங்கச்சி. எனக்குக் கூச்சமாப் போச்சு.

"ஏம்மா, கல்லு வேண்டாம். அது காலடியிலேருந்து ஒரு பிடி மண்ணு கொடு. அந்தக் குழியை மூடிக்கறோம். வெள்ளிக்கிழமை வேன் பிடிச்சு நாங்களே வரோம்."

கல்யாணத்துக்குச் சபையில நிக்கறோம், பொண்ணுக்குப் பெரியப்பன் முறை நாங்கன்னு எல்லாம் சொன்னாரு. ராத்திரி எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். ம்னாரு. காலையில பஸ் ஏறும்போது நிரோஷா கூப்பிட்டா. தினகரன் அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டானாம். பங்காளிங்களே மலையேறி வராங்கன்னா அப்ப மூலக் கோயில் அதுதானே, மொதப் பத்திரிகையை அங்கேயே வச்சுரலாம், வெள்ளிக்கிழமை நாங்களும் வரோம்னு ருக்குமணியம்மா சொல்லிட்டாங்களாம். அம்மா, சாமிக்கு விலாசம் கிடைச்சிருச்சுன்னு சொல்லிச் சிரிக்கறா. இந்தச் சிரிப்பு வேற.

நல்ல சேதிதானே, பின்ன என்னங்கறீங்களா? நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு பிடி மண்ணு. எந்த மண்ணு? அதுல சிலோன் மண்ணு இருக்கு, கோத்தகிரி மண்ணு இருக்கு, அந்தப் புத்னி கொட்டின சிவப்பு மண்ணு இருக்கு. வருசக் கணக்கா வெறுங்குழியைக் கும்பிட்டவங்களுக்கு நான் அதைக் கொடுக்கலாமா? சலிச்சா மண்ணைப் பிரிக்க முடியுமா? சொல்லுங்க. சாமி குத்தம் ஆயிராதா? அதைச் சொன்னா, வேன்ல ஏறினவங்க அப்படியே இறங்கிருவாங்க. சம்பந்தியம்மா ஒரு மாதிரி பாப்பாங்க. சொல்லலன்னா ஏமாத்தின மாதிரி ஆயிரும். நேத்துலேருந்து இதேதான்.

ராத்திரி பவளாயி பக்கத்துலதான் படுத்திருந்தேன். கேட்டுடலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள அதுவா பேசுது. அந்தக் கடைசி இலை இருக்கே, இனிமே யாருக்குப் போடறதுன்னு அதுக்குக் கவலை. நீங்கதான் வந்துட்டீங்களே, இனிமே நிறுத்திரலாமான்னு என்கிட்டக் கேக்குது. நிறுத்தக் கூடாதுன்னு மட்டும் வாயில வந்துச்சு. ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

இருங்க, போன் அடிக்குது. புத்னிதான்.

ஆ, சொல்லு. விளக்கு வச்சியா? எண்ணெய் இருக்கா? சரி. என்னது, பெருக்கறியா? கேளு, பெருக்காத. வெள்ளிக்கிழமைக்கு ஆளுங்க வராங்க, அதுக்காகத் தொடைச்சு வைக்காத. சாமிகிட்ட ஒரு பொட்டு மண்ணு குறையக் கூடாது, இருக்கறது அப்படியே இருக்கட்டும். ஆமா, உன் மண்ணும்தான். அழாத. எதுக்கெடுத்தாலும் அழுகை. செந்தூரமும் இருந்துட்டுப் போகட்டும், இப்பத் தண்ணி ஊத்தினா சேறாயிரும். வியாழக்கிழமை சந்தையில வாழை இலை வாங்கணும், நீ போயிரு. பங்காளிங்க ஒரு வேன், சம்பந்தி வீட்டுல ஒரு கார், நம்ம வீடு. கணக்குப் போட்டுக்க. அதுக்கு மேல ஒண்ணு கூட வாங்கு, கடைசியில போடறதுக்கு.

யாருக்குன்னா கேக்கற? வாங்கி வைடி, வந்து சொல்றேன்.

பாத்தீங்களா தங்கச்சி, ஒரு வேலை சொன்னா ஆயிரம் கேள்வி. நாமக்கல் வந்துருச்சு போல. உங்க கூடையை நான் பிடிச்சுக்கறேன், நீங்க இறங்குங்க. இந்த டின்னை மட்டும் கொஞ்சம் பிடிங்க. பாத்து, வெறும் டின்னுதான், ஆனாலும் சாய்க்காதீங்க.